ஐந்தாண்டுக் கணக்கெடுப்பு எங்கே?
மாற்றுத்திறன் குழந்தைகளின் கல்வியும் உள்ளாட்சிகளின் கடமையும்

மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 2016, நடைமுறைக்கு வந்த நாள் 2017 ஏப்ரல் 19. அச்சட்டத்தின் 17ஆவது பிரிவு, அரசுகளுக்கும் உள்ளாட்சி அமைப்புகளுக்கும் ஒரு தெளிவான கடமையை விதிக்கிறது. பள்ளி செல்லும் குழந்தைகளிடையே ஐந்தாண்டுக்கு ஒருமுறை கணக்கெடுப்பு நடத்த வேண்டும். மாற்றுத்திறன் கொண்ட குழந்தைகளை அடையாளம் காண வேண்டும். அவர்களுடைய சிறப்புத் தேவைகள் எவை, அவை எந்த அளவுக்கு நிறைவு செய்யப்படுகின்றன என்பதையும் கண்டறிய வேண்டும். முதல் கணக்கெடுப்புக்குச் சட்டம் அளித்த அவகாசம் இரண்டாண்டுகள். அதாவது 2019 ஏப்ரலுக்குள் அது முடிந்திருக்க வேண்டும். அடுத்ததற்கான தவணையும் 2024-ல் கடந்துவிட்டது.

இப்படியொரு ஆய்வின் அறிக்கையை மாமன்றக் கூட்டத்தில் வைத்து விவாதித்த மாநகராட்சிகள் எத்தனை? கிராம சபையில் படித்துக் காட்டிய ஊராட்சிகள் எத்தனை? குப்பை வரியையும் சொத்து வரியையும் உயர்த்துவதற்குக் கணக்கெடுக்கத் தெரிந்த நிர்வாகத்துக்கு, தன் எல்லைக்குள் உள்ள பள்ளிகளில் எத்தனை குழந்தைகளுக்கு என்ன தேவை, அதில் என்ன கிடைத்தது என்று எழுதி வைக்க ஏன் முடியவில்லை? இதை வெறும் அலுவலக மறதி என்று ஒதுக்கிவிட முடியாது. தேவையை எழுதி வைத்தால் அதற்கு நிதி ஒதுக்க வேண்டியிருக்கும். ஒதுக்க விரும்பாத அரசு எழுதவும் விரும்புவதில்லை.

எண்ணுவதும் ஆராய்வதும்

அரசுத் தரப்பிடம் இதற்கு ஆயத்தமாக ஒரு பதில் உண்டு. ஆண்டுதோறும் 'யுடைஸ்' தகவல் திரட்டப்படுகிறது; 2022-ல் 'பிரசஸ்த்' என்ற செயலி வந்துவிட்டது; அதில் வகுப்பாசிரியரே குழந்தைகளைத் தொடக்கநிலையில் பரிசோதித்துப் பதிவு செய்கிறார்; மாவட்டந்தோறும் மருத்துவ முகாம்கள் நடக்கின்றன; அடையாள அட்டை வழங்கப்படுகிறது. இதற்கு மேல் என்ன வேண்டும் என்பதே அந்தப் பதில்.

இந்த ஏற்பாடுகள் அனைத்தும் குழந்தையிடம் என்ன குறை என்று கேட்கின்றன. பார்வை எவ்வளவு, கேட்கும் திறன் எவ்வளவு, குறைபாடு 40 விழுக்காட்டை எட்டுகிறதா என்று அளக்கின்றன. சட்டம் கேட்கும் கேள்வியின் இரண்டாம் பாதி இவற்றில் இல்லை. தேவை எந்த அளவுக்கு நிறைவு செய்யப்பட்டது என்பது பள்ளியையும் உள்ளாட்சியையும் அரசையும் நோக்கிய கேள்வி. பார்வையற்ற மாணவிக்குப் பிரெயில் புத்தகம் பள்ளி திறந்த வாரத்தில் வந்ததா, அரையாண்டுத் தேர்வுக்குப் பின் வந்ததா? காது கேளாத மாணவருடன் சைகை மொழியில் பேசத் தெரிந்தவர் பள்ளியில் ஒருவராவது உண்டா? சக்கர நாற்காலியில் வரும் குழந்தை கழிப்பறைக்குள் நுழைய முடிகிறதா, அல்லது மாலை வரை தண்ணீர் குடிக்காமல் இருக்கிறதா? 

குழந்தையை எண்ணுவது எளிது. அரசை அளப்பதுதான் கடினம். ஆய்வு என்ற பெயரில் முதல் வேலை மட்டும் நடக்கிறது.

பதிவேட்டில் இல்லாத குழந்தைகள்

அந்த எண்ணிக்கையாவது சரியாக இருக்கிறதா? 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி 19 வயது வரையிலான மாற்றுத்திறன் கொண்டோர் 78 லட்சத்துக்கும் அதிகம். அந்த வயதினரின் மொத்த எண்ணிக்கையில் இது ஏறத்தாழ 1.7 விழுக்காடு. 5 முதல் 19 வயதுக்குட்பட்ட மாற்றுத்திறன் குழந்தைகளில் 27 விழுக்காட்டினர் எந்தக் கல்வி நிலையத்தின் வாசலையும் மிதிக்காதவர்கள் என்றும் அதே கணக்கெடுப்பு காட்டியது.

அப்போது எட்டு வகைக் குறைபாடுகளே கணக்கில் கொள்ளப்பட்டன. 2016 சட்டம் ஆட்டிசம், குறிப்பிட்ட கற்றல் குறைபாடு உட்பட 21 வகைகளை ஏற்றுக்கொண்டது. வரையறை விரிந்தால் எண்ணிக்கையும் உயர வேண்டும். நடந்ததோ வேறு. 2021-22ஆம் ஆண்டின் யுடைஸ் கணக்கில், நாடு முழுவதும் பள்ளிகளில் பயின்ற 26.52 கோடி மாணவர்களில் சிறப்புத் தேவை கொண்டோர் 22.67 லட்சம் பேர் மட்டுமே. இது ஒரு விழுக்காட்டைக்கூட எட்டவில்லை. இரு கணக்குகளின் ஆண்டும் வயது வரம்பும் வேறு என்பதைக் கருத்தில் கொண்டாலும், இடைவெளி மிகப் பெரியது. கணிசமான குழந்தைகள் ஒன்று பள்ளிக்கு வெளியே இருக்கிறார்கள். அல்லது பள்ளிக்குள்ளேயே 'மந்தமான மாணவர்' என்ற முத்திரையுடன் கடைசி வரிசையில் அமர்ந்திருக்கிறார்கள்.

யார் அந்தக் குழந்தைகள்? மாவட்டத் தலைமை மருத்துவமனைக்கு மூன்று முறை அலைந்தால்தான் சான்றிதழ் என்னும்போது, மூன்று நாள் கூலியை இழக்க முடியாத வீட்டின் குழந்தைகள். கற்றல் குறைபாட்டைக் கண்டறியும் உளவியலாளர் பெருநகரத் தனியார் மையங்களில் மட்டும் கிடைக்கும்போது, அந்தக் கட்டணத்தைக் கேள்விப்பட்டே இராத தலித், பழங்குடி, சிறுபான்மைக் குடும்பங்களின் குழந்தைகள். மாற்றுத்திறன் எல்லா வர்க்கத்திலும் உண்டு. அதன் சுமை எல்லா வர்க்கத்தின் மீதும் ஒரேபோல் விழுவதில்லை. வசதி படைத்தவரின் பிள்ளைக்குப் பேச்சுப் பயிற்சியாளர் வீட்டுக்கே வருகிறார். கட்டடத் தொழிலாளியின் பிள்ளைக்காக அவன் தாய் வேலையை விட்டுவிட்டு நாள் முழுவதும் வகுப்பறை வாசலில் உட்கார்ந்திருக்கிறார். அரசு செய்ய வேண்டிய வேலையை ஊதியமின்றிச் செய்யும் அந்தத் தாயின் உழைப்பு எந்த வரவு செலவுத் திட்டத்திலும் இடம்பெறுவதில்லை.

இந்த நிலையில் கணக்குகளைக் கூர்மையாக்க வேண்டிய ஒன்றிய அரசு, இருந்த கண்ணாடியையும் கழற்றி வைத்தது. 2021-ல் நடந்திருக்க வேண்டிய மக்கள்தொகைக் கணக்கெடுப்பு ஆண்டுக்கணக்கில் தள்ளிப்போடப்பட்டது. தேசிய குடும்ப நல ஆய்வின் ஆறாம் சுற்றிலிருந்து மாற்றுத்திறன் குறித்த கேள்விகள் நீக்கப்பட்டன. மாற்றுத்திறனாளி அமைப்புகள் எதிர்ப்புத் தெரிவித்தும் அரசு அசைந்து கொடுக்கவில்லை.

ஆசிரியர் இல்லாத 'உள்ளடக்கம்'

சிறப்புத் தேவை கொண்ட குழந்தைகளின் கல்வியில் மையமான கேள்வி ஆசிரியர் நியமனம். இதில் ஆட்சியாளர்களின் வரலாறு வெட்கக்கேடானது.

தில்லியை எடுத்துக்கொள்ளலாம். ஒவ்வொரு பள்ளியிலும் குறைந்தது இரண்டு சிறப்பாசிரியர்கள் இருக்க வேண்டும் என்று தில்லி உயர் நீதிமன்றம் 2009 செப்டம்பரில் உத்தரவிட்டது. தில்லி அரசின் பள்ளிகளோடு மாநகராட்சிப் பள்ளிகளையும் அந்த உத்தரவு கட்டுப்படுத்தியது. தலைநகரத்திலேயே, நாடாளுமன்றத்தின் கண்ணெதிரிலேயே, ஓர் உள்ளாட்சி அமைப்பு தன் தொடக்கப்பள்ளிகளுக்குச் சிறப்பாசிரியரை நியமிக்க நீதிமன்றம் ஆணையிட வேண்டியிருந்தது.

நாடு தழுவிய அளவில் உச்ச நீதிமன்றம் ரஜ்னீஷ் குமார் பாண்டே வழக்கில் 2021 அக்டோபர் 28 அன்று தீர்ப்பளித்தது. பொதுப் பள்ளிகளில் தொடக்க வகுப்புகளுக்குப் பத்து சிறப்புத் தேவை மாணவர்களுக்கு ஓர் ஆசிரியர், அதற்கு மேற்பட்ட வகுப்புகளுக்குப் பதினைந்து பேருக்கு ஓர் ஆசிரியர் என்ற விகிதம் வகுக்கப்பட்டது. கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணையும் 2022-ல் இதற்கேற்பத் திருத்தப்பட்டது. காகிதத்தில் எல்லாம் முறையாக நடந்தது. அதே வழக்கில் முன்வைக்கப்பட்ட விவரங்களின்படி, ஏறத்தாழ 22.5 லட்சம் குழந்தைகளுக்கு இருந்த சிறப்பாசிரியர்கள் சுமார் 28,500 பேர். ஒருவருக்கு எழுபத்தொன்பது குழந்தைகள். அந்த எழுபத்தொன்பது பேரும் ஒரே பள்ளியில் இல்லை. பல மாநிலங்களில் ஒரே சிறப்பாசிரியர் வட்டார வள மையத்திலிருந்து புறப்பட்டுப் பல பள்ளிகளுக்குச் சுற்றி வருகிறார். குழந்தை அவரைப் பார்ப்பது வாரத்தில் ஒரு மணி நேரம் என்றால் அதுவே அதிகம்.

அந்த ஆசிரியரின் நிலை என்ன? இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலில் பதிவு பெற்ற தகுதி அவருக்கு உண்டு. பணி நிரந்தரம் இல்லை. பத்து, பதினைந்து ஆண்டுகள் தொகுப்பூதியத்தில், ஆண்டுக்கொரு முறை புதுப்பிக்கப்படும் ஒப்பந்தத்தில், கோடை விடுமுறையில் ஊதியம் வருமா என்ற கவலையில் வாழ்கிறார். 2025 மார்ச் 7 அன்று உச்ச நீதிமன்றம் மீண்டும் தலையிட்டது. மாநிலங்கள் தேவையான பணியிடங்களை அறிவிக்கை செய்து, தகுதியானவர்களை முறையாக நியமிக்க வேண்டும். நெடுங்காலமாக ஒப்பந்தத்தில் பணிபுரிவோரைப் பரிசீலிக்கக் குழு அமைக்க வேண்டும் என்று உத்தரவிட்டது. தீர்ப்பு வந்து மூன்றாண்டுகளுக்கு மேலாகியும் நீதிமன்றம் மறுபடியும் 'பணியிடங்களை அறிவியுங்கள்' என்று சொல்ல வேண்டி வந்ததே, மாநில அரசுகளின் அலட்சியத்துக்குச் சாட்சி.

நவதாராளமயக் கொள்கையின் அச்சு இங்கே தெளிவாகத் தெரிகிறது. உரிமைகளைச் சட்டத்தில் எழுதலாம். அந்த உரிமையை நிறைவேற்றும் மனிதர்களை நிரந்தர ஊழியர்களாக நியமிக்கக் கூடாது. புதிய கல்விக் கொள்கை 2016 சட்டத்தை முழுமையாக ஏற்பதாகச் சொல்கிறது. ஆனால் அதன் 'பள்ளி வளாகம்' என்ற ஏற்பாடு, சுற்றியுள்ள பள்ளிகள் ஆசிரியர்களையும் வசதிகளையும் பகிர்ந்துகொள்ள வேண்டும் என்பதை அடிப்படையாகக் கொண்டது. இன்றைய பற்றாக்குறையே நாளைய கொள்கையாகிறது.

நாளொன்றுக்குப் பத்து ரூபாய்

சமக்ர சிக்ஷா திட்டத்தில் சிறப்புத் தேவை கொண்ட குழந்தை ஒன்றுக்கு ஆண்டுக்கு 3,500 ரூபாய் என்பது ஒதுக்கீட்டு அளவு. மதிப்பீட்டு முகாம், உதவிக் கருவிகள், பயணப்படி, உடன் வருபவருக்கான படி, கற்றல் கருவிகள் போன்றவற்றுக்கான தொகை இது. சிறப்பாசிரியர் ஊதியம் தனிக் கணக்கு. நாளொன்றுக்குப் பத்து ரூபாய்க்கும் குறைவான இந்தத் தொகையில்தான் 'உள்ளடக்கிய கல்வி' கட்டி எழுப்பப்படுகிறதாம்.

அதுவும் ஒழுங்காக வந்து சேர்வதில்லை. பிஎம் ஸ்ரீ ஒப்பந்தத்தில் கையெழுத்திட மறுத்ததற்காகத் தமிழ்நாடு, கேரளம், மேற்கு வங்கம் ஆகிய மாநிலங்களுக்குச் சமக்ர சிக்ஷா நிதியை ஒன்றிய அரசு நிறுத்தி வைத்தது. தமிழ்நாட்டுக்கு மட்டும் 2024-25ஆம் ஆண்டில் 2,152 கோடி ரூபாய். சிறப்பாசிரியர் ஊதியமும் குழந்தைகளின் பயணப்படியும் அந்தத் திட்டத்துக்குள்ளேயே அடங்கியவை. அரசியல் மிரட்டலுக்கு மாற்றுத்திறன் குழந்தையைப் பணயமாக வைக்கும் துணிவு இந்த ஆட்சிக்கு இருக்கிறது.

'பணமில்லை' என்ற வாதத்தையும் கணக்குப் பார்த்துவிடலாம். பதிவேட்டில் உள்ள 22.67 லட்சம் குழந்தைகளுக்கும், வகுப்பு வேறுபாடின்றி, பத்துக்கு ஒருவர் என்ற விகிதத்திலேயே ஆசிரியர் நியமித்தால் ஏறத்தாழ 2.27 லட்சம் பேர் தேவை. மாதம் 50,000 ரூபாய் ஊதியம் என்று வைத்தாலும் ஆண்டுச் செலவு சுமார் 13,600 கோடி ரூபாய். 2019 செப்டம்பரில் கார்ப்பரேட் வரியைக் குறைத்தபோது அதனால் ஆண்டுக்கு 1.45 லட்சம் கோடி ரூபாய் வருவாய் குறையும் என்று அறிவித்தது இதே ஒன்றிய அரசு. அதில் பத்தில் ஒரு பங்குகூட இந்தக் குழந்தைகளுக்குத் தேவையில்லை. பணம் இருந்தது. அது யாருக்குப் போக வேண்டும் என்பதில் ஆட்சியாளர்களுக்குக் குழப்பமே இருந்ததில்லை.

கட்டடங்களின் கதையும் இதுவே. 2023-24 யுடைஸ் கணக்கின்படி கைப்பிடியுடன் கூடிய சாய்தளம் உள்ள பள்ளிகள் 52.3 விழுக்காடு. ஏறத்தாழ பாதிப் பள்ளிகளில் படிக்கட்டே முதல் தடை. இதற்கிடையே, மாணவர் குறைவு என்று காரணம் காட்டிப் பள்ளிகளை இணைக்க உத்தரப் பிரதேச அரசு 2025 ஜூனில் ஆணை பிறப்பித்தது. பள்ளி தெருமுனையில் இருந்தவரை தவழ்ந்தோ, தாயின் இடுப்பில் அமர்ந்தோ வந்த குழந்தைக்கு, பள்ளி அடுத்த ஊருக்குப் போனதும் கல்வி முடிந்துவிடுகிறது. அருகமைப் பள்ளியை மூடும் அரசு எத்தனை சாய்தளம் கட்டினாலும் அது ஏமாற்று வேலைதான்.

பெயர் சூட்டலும் முகாம் அரசியலும்

உரிமைக்குப் பதிலாக ஆட்சியாளர்கள் தருவது என்ன? முதலில் ஒரு பெயர். தெய்வீக உறுப்புடையோர் என்று பொருள்படும் 'திவ்யாங்' என்ற சொல்லைப் பிரதமர் 2015 இறுதியில் முன்மொழிந்தார். மாற்றுத்திறனாளி இயக்கங்கள் அதை எதிர்த்தன. தெய்வத்தன்மை தேவையில்லை, சாய்தளமும் ஆசிரியரும் தேவை என்பதே அவர்களின் நிலை. அடுத்து ஜிஎஸ்டி வந்தது. தெய்வீக உறுப்புடையோரின் சக்கர நாற்காலிக்கும் பிரெயில் தட்டச்சுப் பொறிக்கும் 5 விழுக்காடு வரி விதிக்கப்பட்டது.

பிறகு முகாம்கள். 2020 பிப்ரவரி 29 அன்று பிரயாக்ராஜில் பிரதமர் தலைமையில் நடந்த முகாமில் 26 ஆயிரத்துக்கும் மேற்பட்டோருக்கு உதவிக் கருவிகள் வழங்கப்பட்டன. உலக சாதனைகள் என்று விளம்பரம் செய்யப்பட்டது. 40 விழுக்காடோ அதற்கு மேலோ குறைபாடு கொண்ட மாணவருக்கு 18 வயது வரை உதவிக் கருவிகளைக் கட்டணமின்றி வழங்குவது சட்டப்படியான கடமை. கடமையை ஆண்டு முழுவதும் பள்ளியில் நிறைவேற்றுகிறவர்களுக்கு மேடை தேவைப்படாது. கொடையாக ஒரே நாளில் வழங்கினால்தான் படம் எடுக்க முடியும். வளரும் குழந்தைக்கு இரண்டாண்டில் சிறிதாகிவிடும் நாற்காலியை மாற்றித் தரவோ, பழுதான செவித்துணைக் கருவிக்கு மின்கலம் தரவோ எந்த மேடையும் போடப்படுவதில்லை.

மாற்றுக்கான பாதை

உள்ளாட்சி அமைப்பு மனது வைத்தால் என்ன செய்ய முடியும் என்பதற்குக் கேரளம் ஒரு சான்று. அறிவுசார் குறைபாடு கொண்ட குழந்தைகளுக்கான முதல் 'பட்ஸ்' பள்ளியை 2004-ல் திருவனந்தபுரம் மாவட்டத்தின் வெங்ஙானூர் கிராம ஊராட்சி தொடங்கியது. குடும்பஸ்ரீ இயக்கத்தின் துணையோடு இன்று முந்நூறுக்கும் மேற்பட்ட பட்ஸ் நிறுவனங்களை உள்ளாட்சிகள் நடத்துகின்றன. மக்கள் திட்டமிடல் இயக்கம் ஊராட்சிகளுக்கு நிதியையும் அதிகாரத்தையும் கொடுத்ததால் இது சாத்தியமாயிற்று. குழந்தைகள், முதியோர், மாற்றுத்திறனாளிகள் ஆகியோருக்கென உள்ளாட்சித் திட்ட நிதியில் ஒரு பகுதியை ஒதுக்கும் முறையும் அங்கு உண்டு.

அங்கும் எல்லாம் முடிந்துவிடவில்லை. பட்ஸ் என்பது தனிப் பள்ளி ஏற்பாடு. பொதுப் பள்ளியில் உள்ளடக்குதல் என்ற கடமை அதனால் தீர்ந்துவிடாது. சிறப்பாசிரியர்களின் ஒப்பந்த முறைப் பிரச்சினை கேரளத்திலும் நீடித்தது. இருப்பினும் நிதியும் அதிகாரமும் கீழிறங்கினால் தேவை கண்ணுக்குத் தெரியும், தெரிந்த தேவைக்கு அருகிலேயே தீர்வு பிறக்கும் என்ற பாடம் மறுக்க முடியாதது.

சிறப்புத் தேவை கொண்ட குழந்தைகள் வகுப்பில் இருந்தால் மற்றவர்களின் படிப்பு கெடும் என்ற பேச்சு பெற்றோரிடையே உலவுகிறது. தொழிலாளர் குடியிருப்புகளிலும் அது கேட்கிறது. அதைக் கடிந்து ஒதுக்குவதைவிடப் பதில் சொல்வதே சரி. அறுபது பேர் உள்ள வகுப்பில் ஓர் ஆசிரியர் திணறும்போது எல்லாக் குழந்தைகளின் படிப்பும் கெடுகிறது. குற்றவாளி ஆசிரியர் பற்றாக்குறை. பக்கத்து இருக்கைக் குழந்தை அல்ல. கூடுதல் ஆசிரியர் வந்தால் அறுபது பேருக்கும் நன்மை. சாய்தளம் கட்டினால் கர்ப்பிணி ஆசிரியைக்கும் கால் முறிந்த மாணவனுக்கும் அது பயன்படும். இந்த ஒற்றுமையைப் பெற்றோருக்கு உணர்த்துவது அரசியல் வேலை.

கட்சி உறுப்பினர்களின் முன் உள்ள பணி

சட்டத்திலேயே ஓட்டைகள் உண்டு. 16ஆவது பிரிவு 'முயல வேண்டும்' என்ற நழுவலான சொல்லைக் கொண்டு தொடங்குகிறது. இலவசக் கருவிகளுக்கு 40 விழுக்காடு என்ற வரம்பு பல குழந்தைகளை வெளியே நிறுத்துகிறது. இவற்றைத் திருத்தப் போராட வேண்டும். அதுவரை, இருக்கும் சட்டத்தைக் கொண்டே செய்யக்கூடியவை பல.

மாமன்ற, நகர்மன்ற, ஊராட்சி உறுப்பினர்களாக உள்ள தோழர்கள் 17ஆவது பிரிவின்படியான கணக்கெடுப்பு எப்போது நடந்தது, அறிக்கை எங்கே என்ற கேள்வியை அடுத்த கூட்டத்திலேயே எழுப்ப வேண்டும். நடக்கவில்லை என்றால் காலக்கெடுவுடன் தீர்மானம் கொண்டுவர வேண்டும். உறுப்பினர்கள் இல்லாத இடங்களில் கிராம சபையும், தகவல் அறியும் உரிமைச் சட்டமும் இருக்கின்றன. 14 வயது வரையிலான குழந்தைகளின் பதிவேட்டைப் பராமரிப்பது கல்வி உரிமைச் சட்டப்படியும் உள்ளாட்சியின் பொறுப்பு என்பதை நினைவூட்ட வேண்டும்.

வாலிபர், மாணவர், மாதர், ஆசிரியர் அமைப்புகள் மாற்றுத்திறனாளி அமைப்புகளுடன் இணைந்து வார்டுவாரியாக மக்கள் ஆய்வை நடத்தலாம். கேள்விகள் எளியவை. இந்தத் தெருவில் பள்ளிக்குப் போகாத மாற்றுத்திறன் குழந்தை உண்டா? பள்ளிக்குப் போகும் குழந்தைக்குச் சிறப்பாசிரியர் வாரத்தில் எத்தனை மணி நேரம் கிடைக்கிறார்? புத்தகமும் கருவியும் எப்போது வந்தன? கழிப்பறையைப் பயன்படுத்த முடிகிறதா? பயணப்படி கடைசியாக எந்த மாதம் வந்தது? இந்தக் கேள்விகளைத் தயாரிப்பதிலும் கேட்பதிலும் மாற்றுத்திறனாளிகளும், அந்தக் குழந்தைகளின் தாய்மார்களும் முன்னிலையில் இருக்க வேண்டும். விடைகளைத் தொகுத்து, பணியிடங்களை அறிவிக்கவும் ஒப்பந்தச் சிறப்பாசிரியர்களை நிரந்தரமாக்கவும் கோரும் இயக்கமாக அதை மாவட்ட ஆட்சியர் அலுவலகம் வரை கொண்டு செல்ல வேண்டும்.

அரசு எழுத மறுத்த அறிக்கையை மக்கள் எழுதி அரசின் மேசையில் வைக்க வேண்டும். 2019-ல் முதல் வகுப்பில் சேர்ந்திருக்க வேண்டிய குழந்தை, கணக்கெடுப்புக்காகக் காத்திருந்தே தொடக்கப்பள்ளி வயதைக் கடந்துவிட்டது. அடுத்த தவணைக்கும் ஒரு தலைமுறையைக் காத்திருக்க வைக்க எந்த அரசுக்கும் உரிமை இல்லை.